பழைய டொயோட்டா பிக்கப்பின் வாட்டர் பம்ப் சொட்டுகிறது: இன்னும் எவ்வளவு காலம் ஓட்டலாம்?

2023 ஏப்ரல் 8, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

கனடாவில் என்னிடம் 1992ஆம் ஆண்டு டொயோட்டா பிக்கப் இருக்கிறது. 22ஆர்-இ எஞ்சின், கைக் கியர், நான்கு சக்கர ஓட்டம். வாட்டர் பம்பின் அடியிலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்க அது சுற்றவிடும் திரவமான கூலன்ட் சொட்டுகிறது. நாளொன்றுக்கு அரைக் கோப்பை அளவு குறைகிறது. ஆனால் வண்டி சூடேறவில்லை. பட்டறையில் கேட்ட கூலி இந்த வயதுள்ள வண்டிக்குப் பொருந்துவதாக இல்லை. கசிவை அடைக்கும் பொடியை ரேடியேட்டரில் போட்டுவிட்டுக் கோடை முடியும்வரை ஓட்டலாம் என்று நினைக்கிறேன். சூடேறாத வண்டிக்கு என்ன அவசரம்?

2023 ஏப்ரல் 8, இரவு. என் பதில்

அவசரம் உண்டு. சூடேறவில்லை என்று நீங்கள் முடிவு செய்வது மீட்டர் முள்ளைப் பார்த்துத்தான். அந்த முள்ளை இயக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருக்கும்வரைதான் உண்மையைச் சொல்லும். அளவு குறைந்து சென்சார் காற்றில் நிற்கத் தொடங்கிவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் நடுவிலேயே அமைதியாக நிற்கக்கூடும். இந்த எஞ்சினில் வார்ப்பிரும்பு பிளாக்கின் (எஞ்சினின் உடல்) மேல் அலுமினிய ஹெட் (அதன் தலைப்பாகம்) அமர்ந்திருக்கிறது. ஒருமுறை நன்றாகச் சூடேறினாலும் ஹெட் வளைந்து, இரண்டுக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய்விடும். அந்தச் செலவின் முன்னால் பம்பின் விலை ஒன்றுமே இல்லை.

அதைவிட என்னை அஞ்சவைப்பது இன்னொன்று. இந்த வண்டியில் ஃபேன், ஃபேன் கிளட்ச், புல்லி மூன்றும் பம்பின் தண்டிலேயே மாட்டப்பட்டிருக்கின்றன. தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் சீலைக் கடந்து வரும் கூலன்ட், தண்டு சுழலும் பேரிங்கை எட்டினால் அதிலுள்ள கிரீஸைக் கழுவிவிடும். கிரீஸ் போன பேரிங் தளரும், தளர்ந்த தண்டில் ஃபேன் ஆடும், ஆடுகிற ஃபேன் ரேடியேட்டரை அறுக்கும். நெடுஞ்சாலையில் அது நடந்தால் ஒரே நிமிடத்தில் பம்ப், ஃபேன், ரேடியேட்டர் எல்லாம் போய், முழுக் கூலன்ட்டும் சாலையில் கிடக்கும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபேனின் எதிரெதிர் இதழ்களைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தண்டில் ஆட்டம் தெரிந்தாலோ, பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றும்போது கரகரப்பு கையில் உணரப்பட்டாலோ, வண்டியை நிறுத்திவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2023 ஏப்ரல் 9

பொடியைப் பற்றி நேற்று ஒன்றும் எழுதவில்லை. அது கேள்வியின் மையம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பம்பின் உடலில், அடிப்பக்கமாக, வீப் ஹோல் என்னும் சிறு துளை இருக்கும். அது பழுதால் உண்டானது அன்று. தயாரித்தவர்கள் வேண்டுமென்றே வைத்தது. உள்ளே கூலன்ட்டைத் தடுப்பது மெக்கானிக்கல் சீல்: கார்பன் வளையம் ஒன்று பீங்கான் போன்ற கடினமான முகத்தின் மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் சுழலும். அந்த இரண்டு முகங்களுக்கும் இடையில் கூலன்ட்டின் மிக மெல்லிய படலம் இருந்தால்தான் அவை தேயாமல் ஓடும். அங்கிருந்து தப்பி வரும் துளிகள் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறவே அந்தத் துளை. காய்ந்த வெளிறிய தடம் ஒன்று அதன் வாயில் தெரிந்தால் பதற வேண்டாம். பல பம்புகள் அந்தத் தடத்துடனேயே நெடுங்காலம் உழைக்கின்றன. ஈரமாகச் சொட்டத் தொடங்கினால் சீலின் காலம் முடிந்தது என்று பொருள்.

கசிவடைக்கும் பொடி நிலையான ஓர் ஓட்டையில் படிந்து அடைக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்து, நடுவழியில் நிற்கிறீர்கள் என்றால் அது வீடு வந்து சேர உதவலாம். சுழலும் சீலின் முகத்தில் படிய அதற்கு இடமே இல்லை. படிந்தாலும் அரம் போல அதைத் தேய்க்கத்தான் செய்யும். ஹீட்டருக்குள் இருக்கும் குறுகிய வழிகளிலும் ரேடியேட்டரின் அடியிலும் போய்த் தங்கிவிடும். கனடாவில் இருந்துகொண்டு ஹீட்டரை அடைத்துக்கொள்ளாதீர்கள்.

வீப் ஹோலை எப்பாக்ஸி வைத்து அடைக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. வெளியேற வழியில்லாத கூலன்ட் நேராகப் பேரிங்குக்குள் போகும்.

2023 ஏப்ரல் 11

பம்பை வாங்குவதற்கு முன் கசிவு அங்கிருந்துதான் வருகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபேன் காற்று எல்லாவற்றையும் பின்னோக்கி வீசிவிடுவதால், மேல் ஹோஸிலிருந்து ஒழுகுவதுகூடப் பம்பிலிருந்து ஒழுகுவதாகத் தோன்றும். எஞ்சினின் முன்பக்கத்தைக் கழுவிக் காயவைத்து, ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தம்வரை ஏற்றுங்கள். இந்த வண்டியில் அது ஏறத்தாழ 0.9 பார். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். எஞ்சின் ஓடாத நிலையில் விளக்கு வைத்துக் கீழிருந்து பார்த்தால் ஊற்று எங்கே என்பது தெரிந்துவிடும். இந்தக் கருவியைச் சில உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவலாகத் தருகின்றன.

வெளியே எதுவும் தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால், பம்பை மாற்றி ஒரு பயனும் இல்லை. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அல்லது 22ஆர்-இ எஞ்சினுக்கே உரிய ஒரு நோய் இருக்கலாம். அதைப் பற்றி இந்த வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

1980களின் முற்பகுதியிலிருந்து வந்த 22ஆர், 22ஆர்-இ எஞ்சின்களில், வால்வுகளை இயக்கும் காம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் செயின் ஒற்றை வரிசை கொண்டது. அது அலையாமல் ஓட இரண்டு பக்கமும் வழிகாட்டிப் பட்டைகள் உண்டு, அவை பிளாஸ்டிக். ஆண்டுகள் போகப் போக அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கிவிடுகிறது. குறிப்பாக இடப்பக்கத்துப் பட்டை, அதாவது இங்குள்ள வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்தில் இருப்பது, முதலில் உடையும். அதன்பின் செயின், தன்னை மூடியிருக்கும் அலுமினிய டைமிங் கவரின் உட்சுவரில் உரசி, காலப்போக்கில் அதை அறுத்தே விடுகிறது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் இருப்பது கூலன்ட் ஓடும் வழி. சுவர் ஓட்டையானதும் கூலன்ட் நேராக எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஒரு சொட்டும் தரையில் விழாது.

ஆகவே ஆயிலின் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறம் தெரிந்தால் எஞ்சினை ஓட்டவே வேண்டாம். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் முன்பக்கத்தில் சில நொடிகள் கடகடவென்ற ஒலி கேட்டால் பட்டை உடைந்திருக்க வாய்ப்புண்டு.

2023 ஏப்ரல் 12

அதே பிக்கப்பின் 3.0 லிட்டர் வி6 எஞ்சின், அதாவது 3விஇசட்-இ, வைத்திருப்பவர்கள் இங்கே எழுதப்போவதைப் பின்பற்ற வேண்டாம். அதில் வாட்டர் பம்பை ஓட்டுவது டைமிங் பெல்ட். முன்பக்கம் முழுவதையும் பிரித்து, டைமிங் குறிகளை நேர்ப்படுத்தி, பெல்ட்டைக் கழற்றிய பிறகுதான் பம்பைத் தொட முடியும். அவர்கள் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுவது நல்லது.

2023 ஏப்ரல் 13

எந்தப் பம்பை வாங்குவது என்று பலர் கேட்கிறார்கள். டொயோட்டாவுக்குப் பம்ப் செய்து கொடுத்த ஐசின் நிறுவனத்தின் பம்ப் உதிரிபாகக் கடைகளில் அதன் சொந்தப் பெட்டியிலேயே கிடைக்கிறது. என் 1993 வண்டியில் இருப்பது அதுதான். பழைய உடலில் புதிய சீலும் பேரிங்கும் போட்டு விற்கப்படும் ரீபில்ட் பம்புகளை நான் தவிர்க்கிறேன். உடலின் உட்புறம் அரித்துப்போயிருந்தால், கூலன்ட்டைத் தள்ளும் இம்பெல்லருக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளி அதிகமாகிவிடும்; அதை எந்தச் சீலும் சரிசெய்யாது.

எதை வாங்கினாலும், பழையதைக் கழற்றியதும் இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். தண்டின் உயரம், புல்லி அமரும் முகம், போல்ட் துளைகளின் இடம், இம்பெல்லரின் ஆழம் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். தண்டின் உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலே பெல்ட் கோணலாக ஓடும்.

தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடும் வால்வு), மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். இவற்றுக்கு எப்படியும் கை வைக்கப்போகிறோம். இன்னொரு முறை கூலன்ட்டை வடிக்கும் வேலையாவது மிச்சமாகும்.

2023 ஏப்ரல் 15

இனி வேலை. என் வண்டியில் நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முந்தைய இரவே, தெரிகிற ஒவ்வொரு போல்ட்டின் தலையடியிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டுவிடுங்கள். சாலையில் உப்பு கொட்டும் ஊரில் ஓடிய வண்டிக்கு இது பாதி வேலைக்குச் சமம். மறுநாள் எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து கூலன்ட்டை வாய் அகன்ற தட்டில் பிடியுங்கள். பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகுழாய் உண்டு. அதையும் திறந்தால்தான் எஞ்சினுக்குள் தேங்கியிருப்பது வெளியேறும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உள்ளது. நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் செத்துப்போகும். தட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு உணவுக்குப் போகாதீர்கள். பழைய கூலன்ட்டை நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படையுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே ஃபேன் கிளட்ச்சைப் பம்பில் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளையும் இளக்கிவிட வேண்டும். பெல்ட்டை முதலில் தளர்த்திவிட்டால் புல்லி உங்கள் ஸ்பேனருடன் சேர்ந்தே சுற்றும். பிறகு அதைப் பிடித்து நிறுத்த வேறு வழி தேட வேண்டியிருக்கும். நட்டுகள் இளகியதும் ஏசி, பவர் ஸ்டியரிங் பெல்ட்டுகள் இருந்தால் அவற்றைக் கழற்றி, ஆல்டர்னேட்டரைத் தளர்த்தி ஃபேன் பெல்ட்டையும் எடுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, கூட்டையும் ஃபேனையும் ஒன்றாகவே மேலே தூக்குவது எளிது. ரேடியேட்டரின் முகத்தில் ஓர் அட்டைப் பலகையைச் செருகி வையுங்கள். கை நழுவிய ராட்செட் அதன் மெல்லிய தகடுகளை நசுக்கப் போதுமானது.

ரேடியேட்டரை வெளியே எடுக்காமலும் இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் எடுத்துவிட்டால் கிடைக்கும் இடவசதி எடுக்கும் சிரமத்தைவிடப் பெரியது என்பது என் கருத்து. துருப்பிடித்த போல்ட்டை நேராக நின்று திறப்பதும், இடுக்கில் கையை வளைத்துத் திறப்பதும் ஒன்றல்ல. போல்ட் உடைவது பெரும்பாலும் இரண்டாவது நிலையில்தான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய்களும் ரேடியேட்டரில் இணைந்திருக்கும். அவற்றைக் கழற்றியதும் முனைகளை அடைத்துவையுங்கள்.

ஃபேன் கிளட்ச்சைப் படுக்கவைக்காமல், வண்டியில் இருந்தது போலவே நிமிர்த்தி வையுங்கள். அதற்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது; கிடத்தினால் கசியக்கூடும்.

பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒரே நீளமுடையவை அல்ல. ஓர் அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, எந்த இடத்திலிருந்து எடுத்தோமோ அந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் முறுக்கினால், பம்ப் பூட்டப்பட்டிருக்கும் அலுமினிய டைமிங் கவர் வெடிக்கும். குட்டையானதை நீளமான துளையில் போட்டால் இரண்டு மூன்று மரைகளில் மட்டும் பிடித்து, அந்த மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். 10, 12, 14 மி.மீ. சாக்கெட்டுகள் ஏறக்குறைய வேலை முழுவதையும் முடித்துவிடும்.

எல்லாப் போல்ட்டும் வந்த பிறகும் பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் கேஸ்கெட் விட்டுக்கொடுக்கும். மிச்சமிருக்கும் கூலன்ட் அப்போது கொட்டும். தட்டு கீழேயே இருக்கட்டும்.

பம்ப் வந்ததும் உடனே புதியதை மாட்ட அவசரப்படாதீர்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றும் நேரம் அதுதான். செயின் உரசி அறுக்கும் என்று 11ஆம் தேதி எழுதிய அந்தச் சுவர் இப்போது பம்ப் இருந்த இடத்துக்குப் பின்னால் உங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. விளக்கை உள்ளே பிடித்து, கூலன்ட் வழியின் பின்சுவரை இடப்பக்கம் முழுவதும் பாருங்கள். விரல் நுழைந்தால் தடவியும் பாருங்கள். ஓட்டையோ, உள்ளிருந்து வெளியே பிதுங்கிய வெடிப்போ தெரிந்தால் முதலில் டைமிங் கவரை மாற்ற வேண்டும்; அதுவரை புதிய பம்பைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். பம்ப் போனதால் மட்டுமே இந்த இடத்தைப் பார்க்கக் கிடைத்தது. பாராமல் மூடிவிட்டால் அடுத்த வாய்ப்பு எஞ்சின் கெட்ட பிறகுதான்.

கேஸ்கெட் அமரும் முகத்தைச் சுத்தம் செய்வதற்குப் பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். துரப்பணத்தில் மாட்டும் உராய்வுத் தட்டுகள் வேண்டாம்; மென்மையான அலுமினியத்தில் பள்ளம் விழும், அதன் தூளும் உள்ளே போகும்.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் முறுக்கி அமர்த்தி, பிறகு எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அலுமினியத்தில் 6 மி.மீ. தடிமனுள்ள போல்ட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர் என்ற அளவு போதும். பழகிய கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் இங்கே முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வேண்டும். பெல்ட்டைப் பூட்டிய பின் இரு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தமாக அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு அமுங்க வேண்டும். பெல்ட்டை வீணை நரம்பாக இறுக்கிவிட்டால் புதுப் பம்பின் பேரிங்கைத்தான் தண்டிக்கிறோம்.

2023 ஏப்ரல் 16

போல்ட் உடைந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனிக் குறிப்பு.

முதலில், உடையாமல் பார்த்துக்கொள்வது. திறக்க மறுக்கும் போல்ட்டை ஒரேயடியாகத் திறக்கும் திசையில் மட்டும் அழுத்தாதீர்கள். சற்று இறுக்கி, பிறகு இளக்கி, மீண்டும் சற்று இறுக்கி, அந்த அசைவில் துரு உதிரும்படி செய்யுங்கள். தலையின் மேல் பொருத்தமான குத்தூசியை வைத்துச் சுத்தியலால் சில அடிகள் அடிப்பதும் உதவும். இரும்புப் போல்ட்டும் அலுமினியக் கவரும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் இடையில் வெண்ணிற அரிப்பு வளர்ந்து இறுகும். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகம் விரிவதால், துளையைச் சுற்றி மிதமான சூடு காட்டினால் பிடி தளரும். எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பைக் காட்டாதீர்கள். வெப்பக் காற்றுத் துப்பாக்கி பாதுகாப்பானது, அதையும் எண்ணெயைத் துடைத்துவிட்டே பயன்படுத்துங்கள்.

உடைந்துவிட்டது, ஆனால் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்பவரிடம் பற்றவைத்துத் திறப்பதே சிறந்த வழி. அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளே மட்டமாக உடைந்திருந்தால் நட்ட நடுவில் குறியிட்டு, இடப்புறம் சுற்றும் டிரில்லால் துளையிடுங்கள். பல நேரங்களில் துளையிடும்போதே துண்டு சுழன்று வந்துவிடும். உடைந்த போல்ட்டை வெளியே எடுக்கும் மெல்லிய ஈஸி-அவுட் கருவியைக் கொண்டு பலமாக முறுக்கவே கூடாது. அது கடினமான எஃகு. உள்ளே உடைந்தால் எந்தச் சாதாரண டிரில்லும் அதைத் துளைக்காது. மரை போயிருந்தால் ஹெலிகாயில் என்னும் சுருள் கம்பி மரை போட்டுக்கொள்ளலாம். அலுமினியத்தில் அது பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

2023 ஏப்ரல் 20

கேஸ்கெட்டுக்கு சீலன்ட் (கசிவடைக்கும் பசை) தடவலாமா என்ற கேள்விக்கு 15ஆம் தேதிக் குறிப்பில் விடையில்லை. அதைப் பற்றி எனக்கே இரண்டு எண்ணங்கள் இருந்தன. தொடக்கத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சு நல்லது என்ற கட்சியில் இருந்தேன். பிறகு மற்றவர்கள் கழற்றிய பம்புகளைப் பார்த்தபோது, உள்விளிம்பில் பிதுங்கி உறைந்த சிலிக்கோன் கயிறுகள் தொங்குவதைக் கண்டேன். அவை அறுந்து போனால் ரேடியேட்டரின் குழாய்களிலும் தெர்மோஸ்டாட்டின் வாயிலும்தான் சிக்கும். முகங்கள் சுத்தமாகவும் சமமாகவும் இருந்தால் காகிதக் கேஸ்கெட்டை உலர்வாகவே வைப்பது சரி என்று இப்போது கருதுகிறேன். மாட்டும்போது நழுவாமல் நிற்க, பம்பின் பக்கம் மட்டும் விரல் நுனியால் இழுத்த ஒரு படலம் போதும். கவரின் முகம் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் அது வேறு கதை. அங்கே சீலன்ட் தேவை, அளவோடு.

2023 ஏப்ரல் 22

செவ்ரோலே 350 எஞ்சின் உள்ள தம் பிக்கப்பில் புதுப் பம்ப் மாட்டியும் சூடேறுகிறது என்று எழுதியவருக்கு: பழைய வி-பெல்ட் வண்டிகளுக்கும், 1980களின் பிற்பகுதியிலிருந்து வந்த, நீளமான ஒற்றைப் பெல்ட்டே எல்லாவற்றையும் ஓட்டும் வண்டிகளுக்கும் பம்பின் சுழற்சித் திசை எதிரானது. பெல்ட்டின் முதுகு பம்பை ஓட்டும் வண்டிக்கு எதிர்த்திசைப் பம்ப் வேண்டும். தவறான பம்பும் போல்ட்டில் கச்சிதமாக அமர்ந்துவிடும், கசியவும் செய்யாது. ஆனால் கூலன்ட் சரியாக ஓடாமல் வண்டி சூடேறும். எல்லாம் புதிதாக இருந்தும் ஏன் சூடேறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், முதலில் பெட்டியின் மேல் உள்ள பாக எண்ணைச் சரிபாருங்கள்.

2023 ஏப்ரல் 29

கூலன்ட் நிரப்புவது.

22ஆர்-இ பிக்கப்புக்கு ஏறத்தாழ 8.4 லிட்டர் பிடிக்கும். பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த நீர். இந்தக் கலவை ஏறத்தாழ −37 பாகை செல்சியஸ்வரை உறையாது. டொயோட்டாவின் சிவப்புக் கூலன்ட் செறிவானது, நீர் கலக்க வேண்டும். அதன் இளஞ்சிவப்புக் கூலன்ட் ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்தே வருகிறது, அதில் மேலும் நீர் ஊற்றக் கூடாது. நிறத்தை மட்டும் நம்பி எதையும் கலக்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான தரநிலை எதுவும் இல்லை. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சிலிகேட் இல்லாத, பாஸ்பேட் உள்ள கூலன்ட்டைத் தேர்ந்தார்கள். சிலிகேட் சீலின் முகத்தைத் தேய்க்கும் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். பம்பை மாற்றியவர் இதைக் கவனித்தே தீர வேண்டும்.

தெர்மோஸ்டாட்டில் தளர்ந்து ஆடும் சிறு ஊசி ஒன்று இருக்கும். அது மேல்நோக்கி வரும்படி அமர்த்துங்கள், அதன் வழியாகத்தான் சிக்கிய காற்று தப்பும். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் வாயில் மெதுவாக ஊற்றுங்கள். இடையிடையே மேல் ஹோஸை அமுக்கி விடுங்கள், குமிழிகள் வரும். வாய்வரை நிரம்பியதும் மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை காத்திருந்தால் அளவு சட்டென்று இறங்கும். அதையும் நிரப்பி மூடுங்கள். ஹீட்டரில் நிலையான வெப்பக் காற்று வருகிறதா என்று பாருங்கள். ஒரு கணம் சூடும் ஒரு கணம் குளிருமாக வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

முதல் ஓட்டத்துக்குப் பின் வண்டி முழுவதும் ஆறியதும் மூடியைத் திறந்து அளவைப் பார்த்து, ஹோஸ் கிளிப்புகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருந்த கூலன்ட், அழுத்தம் விட்ட கணத்திலேயே கொதித்து முகத்தில் பீறிடும்.

2023 மே 6

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் தம் பழைய ஹைலக்ஸ் டபுள் கேப் பற்றிக் கேட்டிருக்கிறார். நாம் அங்கே ஹைலக்ஸ் என்று அறிந்த வண்டியைத்தான் வட அமெரிக்காவில் டொயோட்டா வெறும் பிக்கப் என்று விற்றது. 1995இல் டகோமா என்னும் புதிய பிக்கப் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. இலங்கையில் ஓடுபவை பெரும்பாலும் 2எல், 3எல், 5எல் டீசல் எஞ்சின்கள். அவற்றில் காம் ஷாஃப்ட்டை ஓட்டுவது டைமிங் பெல்ட் என்றாலும், வாட்டர் பம்பை ஓட்டுவது வெளியிலுள்ள ஃபேன் பெல்ட். ஃபேனும் பம்பின் தண்டில்தான். ஆகவே ஃபேன் நட்டுகளை முதலில் இளக்குவது, போல்ட்டுகளின் இடத்தைக் குறித்துவைப்பது, கேஸ்கெட் முகத்தைப் பேணுவது ஆகியவை அப்படியே பொருந்தும். செயின் பற்றி நான் எழுதியது பொருந்தாது.

அவர் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஓட்டுவதாக எழுதியிருக்கிறார். உறையும் குளிர் இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்ற கேள்வி நியாயமாகத் தோன்றலாம். ஆனால் கூலன்ட்டின் வேலையில் உறையாமல் காப்பது ஒரு பகுதி மட்டுமே. அதிலுள்ள சேர்மங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் அரிப்பிலிருந்து காக்கின்றன; கொதிநிலையையும் உயர்த்துகின்றன. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டப்பட்டவை. அந்தக் கடின நீர் கொதிக்கும் இடத்தில் சுண்ணாம்புப் படிவமும், வெறும் நீர் தரும் துருத் தூளும் சேர்ந்து சீலின் முகத்தைத் தின்னும். ஒரு பம்ப் மாற்றிய கொஞ்ச காலத்திலேயே அடுத்ததும் சொட்டுகிறது என்று அவர் சொல்வதற்குக் காரணம் பம்பின் தரம் மட்டுமாக இருக்க முடியாது. 2எல்-டி டர்போ எஞ்சினாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதிகச் சூட்டில் ஹெட் வெடிப்பதில் அது பெயர்போனது. புதுப் பம்பை மாட்டுவதற்கு முன் வழிகள் எல்லாவற்றையும் நன்றாக அலசி, வெளியே வரும் நீர் தெளிந்த பிறகு, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் அவர் ஊற்றட்டும்.

2023 மே 28

முதல் கேள்வி கேட்டவர் பம்பைக் கழற்றிவிட்டார். பொடி போடவில்லை என்பதில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி. அவர் எழுதியிருப்பது: பின்சுவரில் ஓட்டை இல்லை, ஆனால் வால்வ் கவரைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தபோது இடப்பக்கத்துப் பட்டை உடைந்து கீழே கிடக்கிறது, டைமிங் கவரின் உட்புறத்தில் செயின் உரசிய பள்ளம் தெரிகிறது. இப்போதைக்குப் பம்பை மட்டும் மாட்டி ஓட்டலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது. அது ஓட்டையாகும் நாளில் எந்த எச்சரிக்கையும் வராது. முன்பக்கம் ஏற்கெனவே பிரிந்திருக்கிறது, கூலன்ட் வடிந்திருக்கிறது, பெல்ட்டுகள் கழன்றிருக்கின்றன. செயின், பல்சக்கரங்கள், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், எஃகு முதுகுள்ள வழிகாட்டிப் பட்டைகள், புதிய டைமிங் கவர் ஆகியவற்றை வாங்கி இப்போதே போட்டுவிடுங்கள். உடைந்த பிளாஸ்டிக் துண்டுகள் ஆயில் தொட்டியில் கிடக்கும். தொட்டியைக் கழற்றி எடுப்பது நான்கு சக்கர வண்டியில் சிரமமான வேலை என்றாலும், ஆயில் உறிஞ்சும் வலையில் அவை அடைத்துக்கொள்வதைவிட அந்தச் சிரமம் மேல்.

கவரைக் கழற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும். கண்ணில் படும் எல்லாப் போல்ட்டையும் எடுத்த பிறகும் கவர் வராது. ஹெட்டின் முன்முனையில், காம் ஷாஃப்ட் பல்சக்கரத்துக்கு முன்னால், ஆயில் தேங்கி நிற்கும் சிறு குழியின் அடியில் ஒரு போல்ட் மூழ்கியிருக்கிறது. அது ஹெட்டின் வழியாகக் கவரைப் பிடித்திருக்கிறது. துணியால் ஆயிலை ஒற்றி எடுத்தால் தெரியும். அதைக் கழற்றாமல் கவரை நெம்பிய பலர் ஹெட் கேஸ்கெட்டின் முன்விளிம்பைக் கிழித்திருக்கிறார்கள். புதிய கவரை வைக்கும்போது அந்த முன்விளிம்பின் மேலும், கீழே ஆயில் தொட்டி சேரும் இரண்டு மூலைகளிலும் சீலன்ட் தேவை. பம்பை மேசையிலேயே புதிய கவரில் பொருத்தி, அளந்து இறுக்கி, இரண்டையும் ஒன்றாக வண்டியில் ஏற்றலாம். ஆனால் எடை கூடிவிடுவதால் கேஸ்கெட் நழுவாமல் பிடிக்க இன்னொருவர் உடனிருக்க வேண்டும்.